ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடை: ஏழு வயதுக் கணினிக்குப் பார்த்த வைத்தியம்

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2018-ஆம் ஆண்டு உதிரி பாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்யப்பட்டது. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க். அதைப் பெரும்பாலும் பயன்படுத்துபவர் என் அப்பா. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கும், மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் அவர் எழுதும் கடிதங்களும் அதில்தான் இருக்கின்றன. சென்ற ஆண்டு செப்டம்பரிலிருந்து அது மூன்று விதமாகப் படுத்தத் தொடங்கியது. ஆன் செய்தால் வேலைக்கு வர ஐந்து நிமிடம் ஆகும். மதியம் இரண்டு மணி வாக்கில் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். காலையில் எழுப்பினால் தேதி 2018 ஜனவரி 1 என்று காட்டும், வங்கித் தளமோ மின்கட்டணத் தளமோ எதுவும் திறக்காது.

முதலில் வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் சேவை ஒன்றைத்தான் அழைத்தோம். வந்த இளைஞர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக்கூடத் திறக்காமல் பத்து நிமிடம் ஆன் செய்து ஆஃப் செய்து பார்த்துவிட்டு, பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டும், அவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போய்விட்டன, 11,500 ரூபாய் ஆகும், போர்டு மாற்றினாலும் இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 ஏறாது, ஆகவே புதிதாக வாங்கிவிடுவதே நல்லது என்று சொல்லி, வந்து போனதற்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதால் அப்பாவும் ஏறக்குறைய மனத்தைத் தேற்றிக்கொண்டுவிட்டார். உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, பெட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனோம்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரே ஒருவர் நடத்தும் கடை. இருக்கிற கூட்டத்துக்கே பதில் சொல்ல முடியவில்லை, தயவுசெய்து இணையத்தில் போடாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். அப்படியிருந்தும் இந்த மதிப்புரையை எழுதுவதற்குக் காரணம், அவர் பழுதுபார்த்த வரிசைதான். விலை குறைந்த காரணத்திலிருந்து தொடங்கி, அது இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த செலவுக்குப் போனார். அந்த வரிசையில் பாதியை நாமே வீட்டில் செய்துகொள்ளலாம் என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் புரிந்தது.

அவர் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கிவிட்டார். எந்த நேரத்தில் அணைகிறது, அணைந்தவுடன் மறுபடி ஆன் செய்தால் வருகிறதா அல்லது சற்றுப் பொறுத்தால்தான் வருகிறதா, இரவில் சுவர் சுவிட்சை அணைக்கிறீர்களா என்று அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். மதியத்தில் மட்டும்தான், கால் மணி நேரம் கழித்துத்தான் வரும், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பேன் என்று அப்பா சொன்னதும், "அப்போ போர்டு இல்லைங்க ஐயா, திறந்து பார்ப்போம்" என்றார்.

திறந்தார். செயலியின் மேல் இருக்கும் விசிறியைக் கழற்றியபோது, விசிறிக்கும் அதன் அடியிலுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் பாய் இருந்தது. மிகையில்லை, விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியதும் கிழியாமல் அப்படியே முழுதாக வந்தது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, காற்றுதான் தகடுகளுக்குள் போகவில்லை. செயலிக்கும் தகடுகளுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்துவதற்காகத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சுண்ணாம்புப் பொருக்குபோல உதிர்ந்தது. கழற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த அளவில், வேலை எதுவும் ஓடாத நிலையிலேயே செயலியின் வெப்பம் 84 டிகிரி செல்சியஸ். எங்கள் செயலிக்கு வரம்பு 100 டிகிரி. அதைத் தொட நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் கூடத்தின் வெப்பமும் சேர்ந்துகொள்ள, அது செய்ததெல்லாம் தற்காப்புதான். தூசி தட்டி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவுக்குப் புதியதை வைத்து மூடிய பின் அதே அளவு 43 டிகிரிக்கு வந்தது.

வீட்டில் செய்வதானால் எப்படி என்று கேட்டேன், மறைக்காமல் சொன்னார். சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஆன் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கிவிட வேண்டும். பிறகு மென்மையான பிரஷ்ஷாலும் சிறு புளோயராலும் தூசியை ஊதலாம். ஊதும்போது விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங் கெடும். வீட்டைப் பெருக்கும் வேக்குவம் கிளீனர் கூடாது; அதன் முனையில் சேரும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார், அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்குமாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டினால் போதும். பெட்டியை மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். எங்கள் வீட்டில் அது பூஜை அறைக் கதவுக்குப் பக்கத்தில், சாம்பிராணிப் புகை நேராகப் போகும் வழியில் இருந்தது. அப்பா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை; வீட்டுக்கு வந்ததும் இடத்தை மாற்றிவிட்டார்.

அடுத்தது தேதி. இதற்கு ஆன செலவு 40 ரூபாய். மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற, பழைய ஒரு ரூபாய் நாணயத்தை நினைவூட்டும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கிறது. சுவர் மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது தீர்ந்துவிட்டதால், அப்பா இரவில் சுவிட்சை அணைக்கும்தோறும் கணினி தன் பிறந்த ஆண்டுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. தளங்கள் திறக்காததற்கும் இதுவே காரணம்: ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறது, 2018-இல் இருக்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று, ஆகவே பிரவுசர் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று மறுக்கிறது. நான் இதற்காக இரண்டு வாரம் குக்கீகளை அழித்துக்கொண்டும், பிரவுசரை நீக்கித் திரும்பப் போட்டுக்கொண்டும், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையோடு சண்டை போட்டுக்கொண்டும் இருந்தேன். திரையின் வலது மூலையில் இருந்த தேதியை அப்பா தினமும் பார்த்துச் சொல்லியும் நான் அதையும் இதையும் முடிச்சுப் போடவில்லை.

மூன்றாவது கோளாறுதான் உண்மையில் ஆபத்தானது. கணினி மெதுவாக இருப்பதற்கு எல்லோரும் முதலில் வைரஸைச் சொல்வார்கள், அடுத்து ரேமைச் சொல்வார்கள். இவர் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, திரையை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார். செயலி 9 விழுக்காடு, ரேம் பாதிக்குச் சற்று மேல், டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் இறங்காமல் நின்றது. பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். ஹார்டு டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் பதிவு ஒன்று உண்டு, அதைப் படித்துக் காட்டுவதே இதன் வேலை. நலம் என்றால் நீலம், எச்சரிக்கை என்றால் மஞ்சள். எங்களுடையது மஞ்சள். படிக்க முடியாமல் காத்திருப்பில் வைக்கப்பட்ட பகுதிகள் சுழியத்துக்கு மேல் இருந்தால் அந்த டிஸ்க்கை நம்பி ஒரு நாளும் இருக்கக் கூடாது என்றார்.

இங்கேதான் அவர்மேல் எனக்கு முழு மரியாதை வந்தது. டிஸ்க்கைச் சரிசெய்யும் எந்தக் கட்டளையையும் அவர் உடனே ஓட்டவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் பழுதுதேடும் வேலையைக் கொடுத்தால் அந்த உழைப்பிலேயே அது போய்விடலாம் என்று சொல்லி, முதலில் அப்பாவின் கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தார். அது மட்டும் ஒரு மணி நேரம் ஓடியது; சில கோப்புகளில் நின்று நின்று போனது. அதுவரை பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். வந்த பிறகுதான் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பெட்டியிலிருந்து பிரித்து எங்கள் கண்முன் மாட்டினார். சுழலும் தட்டோ நகரும் முள்ளோ இல்லாத சேமிப்பகம் என்பதால், பழைய கணினிக்கு உயிர் வந்ததுபோன்ற மாற்றத்தைத் தரும் ஒரே செலவு இதுதான் என்பது என் கருத்து. முன்பு 4 நிமிடம் 40 விநாடி எடுத்துக்கொண்ட கணினி இப்போது 21 விநாடியில் தயாராகிறது. நானே கைப்பேசியில் நேரம் பார்த்தேன்.

விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லப்பட்ட விஷயம் ஒரு அமைப்பை மாற்றியதில் தீர்ந்தது. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செயலியும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை இன்டெல் செயலிகள் அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் போர்டில் அந்த வசதி பி.டி.டி. என்ற பெயரில், போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கியதும் தடையில்லாமல் ஏறியது. நாங்கள் 2018-இல் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10 உரிமமே விண்டோஸ் 11-க்கும் செல்லுபடியானது. அந்த உரிமம் மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது என்பதால், முதலில் வந்தவர் பேச்சைக் கேட்டுப் போர்டை மாற்றியிருந்தால் அதற்கும் சேர்த்துத் தலைவலி வந்திருக்கும். அதே மாடியில் திருட்டு விண்டோஸ் போட்டுத்தரும் கடைகளும் இருக்கின்றன. இவர் அதைச் செய்வதில்லை. உரிமப் பூட்டை உடைப்பதற்காகப் போடும் சிறு நிரல்கள் ஓட வேண்டுமென்றால் வைரஸ் தடுப்பை முதலில் அணைக்கச் சொல்கின்றன, அதிலேயே அவற்றின் யோக்கியதை தெரிகிறது அல்லவா என்று கேட்டார்.

கிளம்பும் முன் அப்பாவைத் தம் நாற்காலியில் உட்காரவைத்துச் சில பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். டாஸ்க் மேனேஜரில் தொடக்கத்திலேயே தானாக ஓடும் நிரல்களின் பட்டியல் இருக்கிறது. அதில் அப்பாவுக்குத் தெரிந்த பெயர்களைத் தவிர மற்றவற்றை எப்படி நிறுத்துவது என்று அவர் கையாலேயே செய்யவைத்தார். ஷட் டவுன் கொடுப்பதும் ரீஸ்டார்ட் கொடுப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கே புதிய செய்தி: விரைவுத் தொடக்கம் என்ற வசதி இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உட்கருவின் நிலையைச் சேமித்துவைத்து மறுநாள் அதையே திரும்ப எடுக்கிறது, ஆகவே ஏதாவது சிக்கினால் ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகத் துடைத்துவிட்டுத் தொடங்கும். வேகம் கூட்டுகிறேன், டிரைவர் புதுப்பிக்கிறேன் என்று வரும் இலவச மென்பொருள்கள் எதுவும் தேவையில்லை. சந்தா முடிந்துபோன பழைய ஆன்டிவைரஸ் ஒன்று புதுப்பிக்கச் சொல்லித் தினமும் கெஞ்சிக்கொண்டிருந்தது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்று அதைத் திரும்பப் போடவில்லை. எஸ்.எஸ்.டி.யைப் பழைய பழக்கத்தில் டிஃப்ராக், அதாவது சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை, செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். திரை முழுவதும் சிவப்பாக, உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று அலறும் பக்கம் வந்தால் அழைக்கவே கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிட்டால் போதும், பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். அப்பா அப்போதுதான், ஆடி மாதத்தில் அப்படி ஒரு பக்கம் வந்ததையும், எண்ணைப் பாதி அழுத்தும்போது மின்சாரம் போய்விட்டதையும் சொன்னார். மின்வாரியத்துக்கு இத்தனை கடிதம் எழுதியவர் அன்றைக்கு மட்டும் அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கலாம்.

குறையும் உண்டு. வீட்டுக்கு வந்து அப்பா 2009-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றைத் திறந்தபோது, அதில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொரிபோல இறைந்து கிடந்தன. எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முன்பிருந்த பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் அவை. அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறியீடுகளே தெரியும். விண்டோஸைப் புதிதாகப் போட்டதில் எழுத்துருக்கள் போய்விட்டன. கோப்புகளை நகலெடுத்தவர் பழைய சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையை எடுக்கவில்லை, என்னென்ன எழுத்துருக்கள், என்னென்ன மென்பொருள்கள் வேண்டும் என்று எங்களிடம் கேட்கவும் இல்லை. தமிழ்நாட்டில் கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் கேட்காமல் விடக் கூடாத கேள்வி இது. நல்லவேளையாகப் பழைய டிஸ்க்கை எங்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனபோது, தம் தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, கூலி வாங்காமல் எழுத்துருக்களை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதன் பிறகு அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

அந்த இரண்டாவது பயணத்தில் யு.பி.எஸ்.ஸையும் எடுத்துப் போயிருந்தோம். 600 வி.ஏ. அளவுள்ளது, மின்சாரம் போனால் இரண்டு நொடிகூடத் தாங்காமல் கூவிவிட்டு அணையும். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் உழைக்காத பேட்டரி அது, எங்களுடையது ஐந்தாண்டு ஓடியிருந்தது. லேசர் பிரிண்டரையும் அதிலேயே செருகியிருந்தோம் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். அச்சுத் தாளைச் சூடாக்கும்போது பிரிண்டர் இழுக்கும் மின்சாரம் சிறிய யு.பி.எஸ். தாங்கக்கூடியதல்ல, அதற்குத் தனிச் சுவர் இணைப்பு வேண்டும். கணினிப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது என்றதற்கு, அது தம் வேலையில்லை, எர்த் இணைப்பு சரியில்லாமல் இருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னபடியேதான் இருந்தது.

மொத்தச் செலவு: சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றியதற்கு 600, பொத்தான் பேட்டரி 40, எஸ்.எஸ்.டி. 3,900, கோப்பு மாற்றத்துக்கும் விண்டோஸ் போட்டதற்கும் கூலி 1,200, யு.பி.எஸ். பேட்டரி 950, ஆக 6,690 ரூபாய். எஸ்.எஸ்.டி.க்கு மட்டும் முறையான பில்லும் நிறுவன வாரன்ட்டியும் கிடைத்தன, மற்றவை கையெழுத்துச் சீட்டுதான்.

கடைக்குப் போக நினைப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாடிப்படி செங்குத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது வயதானவர்களுக்கு ஆகாது. வண்டி நிறுத்த இடமில்லை. மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம் என்றாலும் கையில் பெட்டியோடு அது நடவாத காரியம். தொலைபேசியை எடுக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மடிக்கணினியின் திரை உடைந்தது, போர்டில் சாலிடரிங் வேலை என்று போனால் வேறொருவருக்கு அனுப்பிவிடுகிறார், அதற்கு நாள் ஆகும். காத்திருக்க ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அப்பா உட்கார்ந்துவிட்டால் நாம் நிற்க வேண்டியதுதான். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று அந்த எழுத்துருக்களுக்காக.

இப்போது ஏப்ரல் வெயில். மதியம் இரண்டு மணிக்கு அப்பா சங்கத்தின் ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறார், கணினி அணையவில்லை. செயலியின் வெப்பம் 58 டிகிரி. மாதம் ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, அதைக் கம்பியோடு விட்டுவைக்காமல் பிடுங்கி, பீரோவில் பத்திரங்களோடு வைத்துப் பூட்டுகிறார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. அடுத்து தூசி தட்ட வேண்டிய தேதி அதில் அவர் கையெழுத்தில் இருக்கிறது: மே 10.